யானைமலைக் கல்வெட்டும் கணிப்பொறியும்

மதுரையிலிருந்து மேலூர் செல்லும் வழியில், ஒத்தக்கடை அருகே யானைமலையைக் காணலாம். அங்கே நரசிங்கப் பெருமாள் குடைவரைக் கோயில் இருக்கிறது. பாண்டியன் நெடுஞ்சடையன் பராந்தகனின் அமைச்சன் மாறன்காரி அதைக் குடைவித்தான். பணி நிறைவுறுமுன் அவன் மறையவே, தம்பி மாறன் எயினன் முகமண்டபம் அமைத்து முடித்தான்.

அக்கோயிலின் வடமொழிக் கல்வெட்டு காலத்தை எண்குறியால் அன்றிச் சொற்களால் சொல்கிறது. கலியில் மூவாயிரமும் எண்ணூறும் எழுபத்தொன்றும் ஆண்டுகள் கழிந்தன என்பது அதன் பொருள். சொற்களைக் கொண்டு கணக்கிட இயலாது அல்லவா? முதலில் அவற்றை எண்ணாக்க வேண்டும்:

3 × 1000 + 8 × 100 + 71 = 3871.

கலியுகத் தொடக்கம் கி.மு. 3102 எனக் கொள்வர். கி.மு. 1-க்கு அடுத்தது கி.பி. 1, நடுவே சுழி ஆண்டு இல்லை. ஆகவே 3101-ஐக் கழிக்கிறோம். விடை கி.பி. 770.

இந்த ஒரு விடையின் பயன் பெரிது. பாண்டியரின் தலைமுறைகளை வரிசையாகக் கூறும் வேள்விக்குடிச் செப்பேடு, அதே மன்னனின் 3-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அதிலும் மாறன்காரியின் பெயர் உண்டு. ஆனால் ஆட்சியாண்டு மட்டும் தெரிந்தால் நூற்றாண்டு விளங்காது. யானைமலையின் 770 கிடைத்த பின்பே முற்காலப் பாண்டியரின் கால வரிசைக்கு உறுதியான பிடிமானம் ஏற்பட்டது.

கணிப்பொறிக்கும் இதே வேலை உண்டு. நீங்கள் 3871 எனத் தட்டினால் அது எண்ணாகப் போய்ச் சேர்வதில்லை. நான்கு எழுத்துகளாகவே சேர்கிறது. ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு குறியெண் உண்டு. '0'-க்கு 48, '3'-க்கு 51. 48-ஐக் கழித்தால் இலக்கத்தின் மதிப்பு கிடைக்கும். பிறகு, இதுவரை வந்ததைப் பத்தால் பெருக்கி அடுத்த இலக்கத்தைக் கூட்ட வேண்டும்: 3, 38, 387, 3871.

1995-இல் பிரெண்டன் ஐக் உருவாக்கிய ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் தொடக்க மாணவர் தடுமாறுவது இங்கேதான். எழுத்து வடிவிலுள்ள "3871"-இலிருந்து 3101-ஐக் கழித்தால், மொழி தானே அதை எண்ணாக்கி 770 தரும். அதனுடன் 1-ஐக் கூட்டினாலோ 3872 வராது, "38711" வரும்! கூட்டல் குறி எழுத்துகளை ஒட்டவும் பயன்படுவதே காரணம். 'நம்பர்' என்னும் கட்டளையால் முதலில் எண்ணாக்கிவிட்டால் இத்தொல்லை இல்லை. "3871 ஆண்டு" என்று கொடுத்தால் அக்கட்டளை 'எண் அன்று' எனக் கூறிவிடும். 'பார்ஸ்இன்ட்' கட்டளையோ முன்னுள்ள 3871-ஐ மட்டும் எடுத்துக்கொள்ளும்.

தமிழ் எண்களில் ௩௮௭௧ என்று கொடுத்தால் இரண்டும் கைவிரிக்கும். பழைய முறையில் இதை ௩௲௮௱௭௰௧ என எழுதுவர். ௲ ஆயிரம், ௱ நூறு, ௰ பத்து. அப்படியானால் ௨௲௫௱௬ எவ்வளவு? நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.