தெரிஞ்சவங்கதானே, உள்ளே விடுங்க!

தஞ்சாவூர்க்காரனான நான் இப்போது குடியிருப்பது திருவனந்தபுரம் வலியசாலை அக்ரஹாரத்தில். தெரிந்த முகம் என்றால் இங்கே யாரும் வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்பதில்லை. மின்னஞ்சலும் பிறந்தபோது இப்படித்தான் இருந்தது.

1982 ஆகஸ்டில் ஜான் போஸ்டல் எழுதிய எஸ்.எம்.டி.பி. விதிகளில் பாஸ்வேர்டு என்ற பேச்சே கிடையாது. அன்றைக்கு வலையில் இருந்தவை சில நூறு கணினிகள்தான். பெரும்பாலும் பல்கலைக்கழகம், ஆராய்ச்சிக்கூடம், ராணுவம். யார் கடிதம் கொடுத்தாலும் சர்வர் வாங்கி அடுத்த இடத்துக்குத் தள்ளிவிடும். இதற்கு 'ஓப்பன் ரிலே' என்று பெயர்.

தொண்ணூறுகளில் வியாபாரக் கூட்டம் உள்ளே வந்தது. அடுத்தவன் சர்வர் வழியாக லட்சக்கணக்கில் குப்பைக் கடிதங்கள்! 1998ல் வந்த சென்ட்மெயில் 8.9 முதல்முறையாக இந்தக் கதவைத் தானாகவே சாத்தி வைத்தது. 1999 மார்ச்சில், அனுப்புகிறவர் யார் என்று சரிபார்க்கும் 'எஸ்.எம்.டி.பி. ஆத்' விதியாக வெளிவந்தது.

ஆனாலும் ஒரு கொல்லைப்புறக் கதவு மிச்சம் இருந்தது: நம்பகமான ஐ.பி. முகவரிகளின் பட்டியல். போஸ்ட்ஃபிக்ஸில் 'மைநெட்வொர்க்ஸ்' என்பார்கள். அதில் இருந்தால் பாஸ்வேர்டு வேண்டாம்.

அந்தக் கதவைத் திறக்கச் சொன்னவர்களில் அடியேனும் ஒருவன். முன்பு வேலை பார்த்த ஒரு கிளையில் ஸ்கேனருக்குப் பாஸ்வேர்டு அமைக்கத் தெரியாமல், "நம்ம மெஷின்தானே சார், விட்டுடுங்க" என்று கேட்டேன். கணினிப் பிரிவில் ஒரு முகவரிக்குப் பதில் கிளையின் முழு நெட்வொர்க்கையும் பட்டியலில் போட்டுவிட்டார்கள். சில மாதம் கழித்துப் பக்கத்து மேஜைக் கணினியில் வைரஸ். ஒரே ராத்திரியில் ஆயிரக்கணக்கில் குப்பைக் கடிதம். எங்கள் சர்வர் கறுப்புப் பட்டியலில். ஒரு மாணவியின் கல்விக்கடன் அனுமதிக் கடிதம் கல்லூரிக்குப் போய்ச் சேரவில்லை. அன்றுதான் கடைசி நாள். அவள் அப்பா என் மேஜை முன்னால் நின்றதை மறக்க முடியாது. ஃபேக்ஸ் காப்பாற்றியது.

தந்தியில் பணம் அனுப்பிய காலத்து வங்கிக்காரர்கள் விவரமானவர்கள். சொந்தக் கிளையிலிருந்து தந்தி வந்தாலும், தொகை, தேதி முதலியவற்றை வைத்து ரகசியப் புத்தகப்படி போட்ட 'செக் சிக்னல்' எண் ஒத்துப்போனால்தான் பணம் தருவார்கள். எங்கிருந்து வந்தது என்பது வேறு, யார் அனுப்பினார் என்பது வேறு. ஐ.பி. முகவரி முதல் கேள்விக்குத்தான் பதில் சொல்லும்.

விலக்கு கொடுத்தே ஆகவேண்டும் என்றால் அந்த ஒரு இயந்திரத்துக்கு மட்டும், அலுவலக முகவரிகளுக்கு மட்டும், எண்ணிக்கைக்கு வரம்பு வைத்துக் கொடுங்கள். அதைவிட, ஸ்கேனருக்கும் தனியாக ஒரு பாஸ்வேர்டு கொடுத்துவிடலாம். அரைமணி நேர வேலைதான். நான் அன்று சோம்பல்பட்டது அந்த அரைமணிக்குத்தான்.