பியாட்ரிக்ஸ் பாட்டரும் காட்டுக் காளான்களும்

பியாட்ரிக்ஸ் பாட்டர் (1866–1943) 'பீட்டர் ராபிட்' என்னும் முயல் கதையை எழுதிய ஆங்கில எழுத்தாளர், ஓவியர். அந்நூல் 1902-இல் வெளிவருவதற்கு முன்பே காட்டுக் காளான்களை இனங்காண்பதில் பல ஆண்டுகள் ஈடுபட்டவர். பள்ளிக்குச் சென்றதில்லை, வீட்டிலேயே ஆசிரியைகளிடம் படித்தார்.

தபால்காரர் தந்த பயிற்சி

பாட்டர் குடும்பம் கோடையில் ஸ்காட்லாந்தின் டன்கெல்டு பகுதியில் தங்குவது வழக்கம். அங்குத் தபால்காரராகப் பணியாற்றிய சார்லஸ் மெக்கின்டோஷ், கடிதங்களோடு நடந்த வழியெல்லாம் காளான்களைக் கவனித்து அறிந்தவர். 1892-இல் இருவரும் சந்தித்தனர். பின்னர் அவர் காளான்களைத் தபாலில் அனுப்ப, பாட்டர் அவற்றை வரைந்து அனுப்பினார். அழகாக வரைந்தால் மட்டும் போதாது, குடையின் அடியிலுள்ள செவுள்களும் நெடுக்காக வெட்டிய தோற்றமும் வேண்டும் என்று மெக்கின்டோஷ் அறிவுறுத்தினார்.

இதன் தேவையை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். ஐரோப்பாவின் 'டெத் கேப்' காளான் கல்லீரலை அழிக்கும் நஞ்சுடையது. சமைத்தாலும் நஞ்சு நீங்காது. அதன் தண்டின் அடியில் பை போன்ற உறை ஒன்று உண்டு. தண்டை மேலோடு கிள்ளினால் அந்த அடையாளம் மண்ணிலேயே தங்கிவிடும்.

1897-ஆம் ஆண்டுக் கட்டுரை

பாட்டர் காளான் வித்துகளை முளைக்கவைத்து, நுண்ணோக்கியில் பார்த்து வரைந்தார். இதுபற்றி அவர் எழுதிய கட்டுரை 1897 ஏப்ரல் 1 அன்று லண்டன் லின்னியன் சங்கத்தில் முன்வைக்கப்பட்டது. சங்கக் கூட்டங்களில் பெண்களுக்கு இடமில்லாததால், கியூ தாவரவியல் பூங்காவைச் சேர்ந்த ஜார்ஜ் மாசி அதை முன்வைத்தார். பிறகு பாட்டர் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அது அச்சாகவில்லை, கைப்பிரதியும் கிடைக்கவில்லை. பெண்கள் அச்சங்கத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டது 1904-இல்தான். பாட்டர் முறையாக நடத்தப்படவில்லை என்பது நூறாண்டுக்குப் பின், 1997-இல், சங்கத்தின் சார்பில் ஒப்புக்கொள்ளப்பட்டது.

ஓவியங்களின் பயன்

கட்டுரை மறைந்தாலும் ஓவியங்கள் நிலைத்தன. அவர் வழங்கிய காளான் ஓவியங்கள் இங்கிலாந்தின் ஆம்பிள்சைடு ஊரிலுள்ள ஆர்மிட் அருங்காட்சியகத்தில் உள்ளன. 1967-இல் டபிள்யூ.பி.கே. ஃபின்ட்லே எழுதிய காளான் நூலில் அவற்றுள் 59 இடம்பெற்றன. எழுபது ஆண்டுகளுக்கு முன் வரைந்த படங்கள் காளான்களை அடையாளம் காணப் பயன்பட்டன என்றால், அவற்றின் துல்லியமே காரணம்.

இன்று செல்பேசியில் மேலிருந்து ஒரு படம் எடுத்துவிட்டு, உண்ணலாமா என்று கேட்பவர்கள் உண்டு. குடையின் மேற்புறம் மட்டும் காளானின் இனத்தைச் சொல்லாது. தபால்காரர் மெக்கின்டோஷ் கற்பித்த முதற்பாடம் இதுவே. மாணவர்கள் காளானைப் பார்க்கலாம், வரையலாம். ஐயமுள்ள எதையும் உண்ணக் கூடாது.