கழன்ற சிலம்பு

மழை பொய்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது. ஏரிகளில் வெடிப்பு விட்ட மண்தான் மிச்சம். புதுச்சேரிக்கு வடக்கே, வானூர்ப் பக்கத்தில் இருக்கும் இரும்பையில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வரும் கதை இந்தப் பஞ்சத்தில்தான் தொடங்கியது. பஞ்சத்துக்கு யாராவது பொறுப்பாக வேண்டுமே, ஆள் தேடினார்கள். அரச மரத்தடியில் ஒருவர் அகப்பட்டார். உடம்பைப் புற்று மூடியும் அசையாமல் தவத்தில் இருந்த கடுவெளிச் சித்தர் அவர். குடத்தைப் போட்டுடைத்த நந்தவனத்து ஆண்டியின் பாட்டு இன்றைக்கும் அவர் பெயரில்தான் வழங்குகிறது.

அவருடைய தவத்தின் சூடுதான் மேகத்தை விரட்டுகிறது என்று மன்னனும் நம்பினான். யாரிடமும் எதுவும் கேட்காத ஒருவர் மேல் பழி போடுவது எவ்வளவு சுலபம்! ஆனால், தவத்தைக் கலைத்தால் சாபம் விழும். பரிசு அறிவித்தும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் ஒரு பெண் எழுந்தாள். கோயிலில் ஆடுகிற வள்ளி.

வள்ளி அவசரப்படவில்லை. மரத்தடியிலேயே காத்திருந்து கவனித்தாள். மேலிருந்து ஒரு பழுத்த இலை உதிரும்போது புற்றுக்குள்ளிருந்து ஒரு கை மட்டும் நீளும், இலையை வாங்கும், உள்ளே போய்விடும். அந்த மனிதருக்கு உலகத்திடம் வேண்டியிருந்தது அவ்வளவே. வள்ளி வீட்டுக்குப் போய் உளுந்து மாவைப் பிசைந்தாள்.

இலை மாதிரி மெல்லிசாகத் தேய்த்த அப்பளத்தை நீண்ட கையில் வைத்தாள். கை அதையும் வாங்கிக்கொண்டது. மறுநாளும் வைத்தாள். அப்பளம் என்றால் உப்பு இல்லாமல் ஆகாது. அந்தப் பக்கத்துக் கடற்கரையில், மரக்காணத்தில், பாத்தி பாத்தியாக வெயிலில் விளைகிற உப்பு. சருகையே தின்று பழகிய நாக்கில் அந்த ஒரு கல் உப்பு என்ன செய்திருக்கும் என்று நான் பலமுறை நினைத்துப் பார்த்ததுண்டு. வற்றிக் கிடந்த உடம்பு தேறத் தேற, புற்று விரிந்தது. ஒருநாள் சித்தர் கண் திறந்தார்.

சாபம் விழவில்லை. வள்ளி கூப்பிட்ட மரியாதைக்கு அவள் வீட்டுக்கே போய்த் தங்கினார். மழையும் வந்தது. ஊர் குளிர்ந்தது, மன்னன் திருவிழா எடுத்தான். சந்நிதி முன்னால் வள்ளி ஆட, சித்தர் கூட்டத்தோடு உட்கார்ந்து பார்த்தார். ஜதி ஏறி உச்சத்துக்குப் போன நேரம், அவள் காலிலிருந்து ஒரு சிலம்பு கழன்று உருண்டது.

ஒரு கால் ஒலிக்க மறுகால் ஊமையானால் தாளம் தப்பும், ஆட்டம் கெடும். சித்தர் எழுந்து போனார். சிலம்பை எடுத்தார். குனிந்து அவள் பாதத்தைப் பிடித்து, புழுதி படிந்த கணுக்காலில் பூட்டிவிட்டார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள்.

மழையைக் கொண்டுவந்தது அவள் செய்த காரியம். தங்கள் சாமிக்கு முன்னால் ஆட அந்தக் கால் வேண்டும், ஆனால் ஒரு துறவி கை வைத்தால் மட்டும் அது தாசியின் கால்! இலைக்கும் அப்பளத்துக்கும் பேதம் பாராதவர் தனக்காகக் கோபப்பட்டிருக்க மாட்டார். அவளுக்காகத்தான் அவருக்குப் பொங்கியது என்றே நம்புகிறேன். ஊரே கேலி செய்ய, அவர் யாரையும் பார்க்கவில்லை. கருவறையைப் பார்த்துப் பாடினார், என் மனசு உனக்குத் தெரியும், நீயே சொல் என்று. உள்ளே கல் வெடித்தது.

வெடித்தது சாதாரணக் கல்லா? ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பதிகம் பாடிய மாகாளேஸ்வரர் அது; அவர் கோயில் தொண்டை நாட்டுப் பாடல் பெற்ற தலங்கள் 32-இல் கடைசியானது. லிங்கம் சுக்குநூறாகச் சிதறிப் பறந்தது. சில்லு விழுந்த நிலத்தில் புல்லும் முளைக்காது என்றானது. சிரித்தவர்கள் வாயடைத்து நின்றார்கள். மன்னன் காலில் விழுந்தான்.

சித்தர் தணிந்தார். தூர தேசத்து மனிதர்கள் வந்து இந்தப் பொட்டலைப் பச்சையாக்குவார்கள் என்று சொன்னதாகவும் கதை. மரங்களை வெட்டித் தீர்த்ததால் மழைநீர் மேல்மண்ணை அரித்துக்கொண்டு போய், பக்கத்துச் செம்மண் மேடு உண்மையிலேயே பொட்டலாகத்தான் கிடந்தது. 1968 பிப்ரவரி 28 அன்று 124 நாடுகளின் மண்ணை ஒரே கலசத்தில் போட்டு அங்கே ஆரோவில் என்ற நகரம் தொடங்கியது. வந்தவர்கள் வரப்புப் போட்டு மழையைத் தேக்கி, கன்று நட்டார்கள். இன்று அது காடு.

ஆனால் அன்றைக்குச் சந்நிதியில் கிடந்த லிங்கத்தின் துண்டுகளை என்ன செய்வது? பின்னமான திருமேனியை அப்புறப்படுத்திவிட்டுப் புதியது வைப்பதுதான் வழக்கம். இரும்பை அப்படிச் செய்யவில்லை. துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்தி, பிரியாமல் இருக்கச் சுற்றிலும் செம்பைப் பூட்டினார்கள். இரும்பைக்குப் போகிறவர்கள் தீபாராதனை வெளிச்சத்தில் பார்த்துக் கும்பிட்டு வருகிற, மாகாளேஸ்வரரைச் சுற்றிய செப்புத் தகடு வந்த கதை இதுதான்.

அந்தச் சிலம்போடு வள்ளி ஆட்டத்தை முடித்தாளா என்பதை மட்டும், நான் கேட்டவரை, யாரும் சொன்னதில்லை.