புள்ளிக்குப் பின்னால் தமிழ் வந்த கதை

இணைய முகவரியில் கடைசிப் புள்ளிக்குப் பின்னால் காம், ஆர்க், இன் என்று ஒரு துண்டு வருகிறதே, அவை எல்லாம் உலகத்துக்கே பொதுவான ஒற்றைப் பட்டியலில் இருக்கின்றன. 1998-இல் கலிபோர்னியாவில் தொடங்கிய ஐகேன் என்ற அமைப்பு அதைப் பராமரிக்கிறது. 2007 அக்டோபரில் அந்தப் பட்டியலில் தமிழ் முதன்முதலாக ஏறியது, சோதனைக்காக. வைத்த பெயர் 'பரிட்சை'. பரீட்சையின் நெடில் அங்கே குறிலாகிக் கிடந்தது. 2013-இல் சோதனைப் பெயர்களை நீக்கும்வரை அப்படியேதான் இருந்தது. தமிழ் எழுதுகிறவர்களைப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்திருந்தால் ஒரு நிமிடத்தில் தீர்ந்திருக்கும் பிழை அது.

2010, 2011-இல் இலங்கை, சிங்கப்பூர், இந்தியா ஆகிய நாட்டுப் பெயர்கள் தமிழிலேயே ஏறின. அவை நாடுகளுக்கு உரியவை. நாளை ஒரு பதிப்பகமோ மீனவர் சங்கமோ தன் பெயரைத் தமிழில் கேட்டால் எந்த எழுத்துச் சேர்க்கை செல்லும், எது செல்லாது? அதற்கு விதி எழுத வேண்டியிருந்தது.

எழுதியது நியோ-பிராமி குழு. தமிழ், மலையாளம், தேவநாகரி உட்பட ஒன்பது எழுத்து முறைகளுக்காக இந்தியா, இலங்கை, நேபாளம், வங்கதேசம், சிங்கப்பூர் என்று பல நாட்டு மொழியறிஞர்களும் கணினிக்காரர்களும் தன்னார்வலர்களாகக் கூடினார்கள். அவர்கள் மல்லுக்கட்டியது மிகச் சிறிய விஷயங்களோடு. ஔவையின் முதலெழுத்தை ஒரே எழுத்தாகவும் தட்டலாம், ஒகரத்தோடு ளகரம் சேர்த்தும் தட்டலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு வெவ்வேறு. ஸ்ரீ என்பதற்கும் இதே போல இரண்டு வழி உண்டு. ஒரு வங்கியின் பெயரில் இந்த ஓட்டை இருந்தால் மோசடிக்காரன் அதே தோற்றத்தில் இன்னொரு முகவரி வாங்கி, முதியவர் ஒருவரின் ஓய்வூதியத்தைச் சுருட்டிவிடலாம். அதனால்தான் இத்தகைய இணைகளில் ஒன்று ஒருவருக்குக் கிடைத்தால் மற்றது வேறொருவருக்குப் போகக் கூடாது என்று விதி செய்தார்கள்.

அடுத்த சிக்கல் எங்கள் ஊர்ச் சிக்கல். தமிழ் உ-வும் மலையாள உ-வும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்று, ஜ-வும் அப்படியே. இதைக் கன்னியாகுமரி மாவட்டத்தின் கேரள எல்லையிலுள்ள களியக்காவிளையில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த நிலம் இது. விளவங்கோட்டிலும் கல்குளத்திலும் நிலத் தகராறு என்று வந்தால் மலையாளத்தில் எழுதிய பழைய பத்திரங்களை இன்றும் பெட்டியிலிருந்து எடுக்கிறோம். கேரளப் பேருந்தின் பலகையை வாசித்துத்தான் ஏறுகிறோம். இரண்டு எழுத்தும் எங்கே குழம்பும், எங்கே குழம்பாது என்பது இங்குள்ளவர் கண்ணுக்குப் பழக்கம். ஒன்றுபோலத் தோன்றும் தமிழ், மலையாள எழுத்துகளையும் அந்த விதி இணைகளாகவே கொள்கிறது.

தமிழ் வரைவு 2018-இல் பொதுமக்கள் கருத்துக்கு வந்தது. 2019-இல் ஐகேனின் உலக விதித்தொகுப்பின் மூன்றாம் பதிப்பில் தமிழ் சேர்ந்தது. அந்தக் கருத்துக்கேட்புச் செய்தி மார்த்தாண்டத்து வாசகசாலைக்கோ நாகர்கோவில் கல்லூரித் தமிழ்த்துறைக்கோ வந்து சேர ஒரு வழியும் கிடையாது. எனக்கு இதுதான் வருத்தம். அரசும் பெருநிறுவனங்களும் இத்தகைய அறிவிப்புகளைக் கவனிக்கவே ஆள் வைத்திருக்கின்றன.

2026-இல் புதிய பெயர்களுக்கான அடுத்த சுற்று. ஒரு பெயருக்கு விண்ணப்பக் கட்டணம் 2,27,000 டாலர். அது நம்மால் ஆகாது. விதியைப் பற்றிக் கருத்துச் சொல்ல ஒரு பைசாவும் வேண்டாம். விதித்தொகுப்பு 2022-இலேயே ஐந்தாம் பதிப்புக்குப் போய்விட்டது, இனியும் திருத்துவார்கள். இரண்டு எழுத்தும் வாசிக்கிற குமரி மாவட்ட ஆசிரியர்கள் சிலர் அடுத்த வரைவை முன்கூட்டியே கேட்டு வாங்கிப் படித்து, கண்டதை எழுதி அனுப்ப வேண்டும்.