விரைவா, கொள்ளளவா? டோக்கைடோ ஷின்கான்செனும் வளரும் நாடுகளின் இருப்புப்பாதை முதலீடும்

ஆய்வுச்சுருக்கம்

வளரும் நாடொன்று அதிவேக இருப்புப்பாதையில் முதலிடலாமா என்னும் வினா எழும்போதெல்லாம், உலக வங்கியிடம் கடன் பெற்று ஜப்பான் 1964இல் திறந்த டோக்கைடோ ஷின்கான்சென் முன்மாதிரியாகக் காட்டப்படுகிறது. அப்பாதை முதன்மையாக விரைவு கருதி எழுந்ததன்று. நெரிசலால் திணறிய ஒரு தடத்தின் கொள்ளளவைப் பெருக்கவே எழுந்தது என்பதை இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது. அதன் ஒளியில் மும்பை – அகமதாபாத் திட்டத்தை நோக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஷின்கான்சென், இருப்புப்பாதை வரலாறு, உலக வங்கிக் கடன், கொள்ளளவு, சரக்குத் தடங்கள்

முன்னுரை

1961 மே 2ஆம் நாள், ஜப்பானிய தேசிய இருப்புப்பாதை நிறுவனத்திற்கு 8 கோடி டாலர் கடன் வழங்கும் ஒப்பந்தத்தில் உலக வங்கி கையெழுத்திட்டது. டோக்கியோவையும் ஒசாக்காவையும் இணைக்கும் 515 கி.மீ. நீளமுள்ள புதிய பாதைக்கான கடன் அது. உலகப் போர் முடிந்து அப்போது 16 ஆண்டுகளே கழிந்திருந்தன. 1953 முதல் 1966 வரை அணை, எஃகாலை, நெடுஞ்சாலை எனப் பல பணிகளுக்காக 31 கடன்களில் ஏறத்தாழ 86 கோடி டாலரை ஜப்பான் அவ்வங்கியிடம் பெற்றது. அவற்றின் இறுதித் தவணை 1990இல்தான் தீர்ந்தது.

அன்று கடன்பட்டிருந்த ஜப்பான் துணிந்து இறங்கி வென்றது, இன்றைய வளரும் நாடுகள் மட்டும் ஏன் தயங்க வேண்டும் என்னும் வாதம் இவ்வரலாற்றிலிருந்தே பிறக்கிறது. இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. எனினும் ஜப்பான் துணிந்து செய்தது யாது என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியுள்ளது.

பெயரில் இல்லாத விரைவு

'ஷின்கான்சென்' என்னும் ஜப்பானியச் சொல்லுக்குப் 'புதிய தலைமைத்தடம்' என்பதே பொருள். விரைவைக் குறிக்கும் கூறு எதுவும் அதில் இல்லை. நம் நாளிதழ்களில் வழங்கும் 'புல்லட் ரயில்' என்னும் பெயர் அதற்கு முந்தைய வேறொரு திட்டத்தின் எச்சமாகும். டோக்கியோவிலிருந்து ஷிமொனோசெக்கி வரை பாதை அமைக்க ஜப்பானிய நாடாளுமன்றம் 1940இல் ஒப்புதல் அளித்தது. ஆசியப் பெருநிலத்தில் போரிட்டுக்கொண்டிருந்த பேரரசின் போக்குவரத்துப் பெருக்கத்தைத் தாங்குவதற்கான அத்திட்டத்தையே மக்கள் 'துப்பாக்கிக் குண்டு வண்டி' என்றனர். போர் நெருக்கடியால் 1943இல் பணிகள் நின்றன. வாங்கப்பட்ட நிலத்தின் ஒரு பகுதியும், 1944இல் முடிந்த நிஹொன்சாக்கா சுரங்கப்பாதையும், அரைகுறையாகத் தோண்டப்பட்ட புதிய டன்னா சுரங்கப்பாதையும் எஞ்சின. 1959 ஏப்ரல் 20இல் ஷின்கான்சென் பணி தொடங்கியது இந்தப் புதிய டன்னாவின் வாயிலில்தான். ஜப்பான் வெறுங்கையோடு தொடங்கவில்லை என்னும் இச்செய்தி, அதனை முன்மாதிரியாகக் காட்டுவோர் பேச்சில் அரிதாகவே இடம்பெறுகிறது.

பழைய டோக்கைடோ தடம் 1889இல் டோக்கியோவுக்கும் கோபேக்கும் இடையே முழுமை பெற்றது. 1067 மி.மீ. அகலமுள்ள குறுகிய பாதை அது. 1950களின் நடுவில் நாட்டின் மொத்தப் பாதை நீளத்தில் அது நூற்றுக்கு 3 பங்கே. ஆனால் பயணிகள், சரக்கு ஆகிய இரண்டிலும் ஏறத்தாழ காற்பங்கை அது சுமந்தது. 1956 நவம்பரில் தடம் முழுவதும் மின்மயமானது. 1958இல் 'கொடாமா' என்னும் மின்தொடர்வண்டி டோக்கியோ – ஒசாக்கா பயணத்தை 6 மணி 50 நிமிடமாகக் குறைத்தது. ஆகவே பயண நேரத்தைக் குறைக்க வேறு வழியின்றிப் புதிய பாதைக்கு ஜப்பான் சென்றதாகக் கூறுவதற்கில்லை. வண்டிகள் விரைந்தன, இன்னொரு வண்டியை நுழைக்கத்தான் தடத்தில் இடமில்லை.

நிறுவனத்திற்குள் 1956இல் அமைக்கப்பட்ட குழுவின் பெயரே இதற்குச் சான்றாகும். 'டோக்கைடோ தடத்தை வலுப்படுத்துவதற்கான ஆய்வுக்குழு' என்பது அப்பெயரின் பொருள். அதன்முன் மூன்று வழிகள் இருந்தன: பழைய பாதையை ஒட்டியே இன்னும் இரு குறுகிய தண்டவாள வழிகளை இடுதல், வேறிடத்தில் தனிக் குறுகிய பாதை அமைத்தல், 1435 மி.மீ. அகலத்தில் முற்றிலும் புதிய பாதை அமைத்தல். பழைய வலைப்பின்னலோடு இணையாத மூன்றாம் வழியைப் பொறியாளர் பலரும் ஏற்கத் தயங்கினர். தயக்கத்திற்குக் காரணம் இருந்தது; அகலம் மாறினால் ஒரு பாதையின் வண்டி மறுபாதையில் ஓடாது.

அத்தயக்கத்தை வென்றதில் விரைவுக்குப் பங்கு உண்டு. 1957 மே 30இல் இருப்புப்பாதைத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் டோக்கியோவில் நடத்திய பொதுச் சொற்பொழிவில், ஒசாக்காவை மூன்று மணியில் அடைய இயலும் என்று அறிவிக்கப்பட்டது. மக்கள் மனத்தைக் கவர்ந்தது அவ்வறிவிப்பே. விரைவு திட்டத்திற்கு ஆதரவைத் தேடித் தந்தது. தேவையைத் தந்தது நெரிசல். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதிலிருந்தே பிற்காலக் குழப்பங்கள் பலவும் தொடங்குகின்றன.

கடனும் கணக்கும்

1955இல், 168 உயிர்களைப் பலிகொண்ட ஷியுன் மாரு கப்பல் விபத்தைத் தொடர்ந்து, 71 வயதான சோகோ ஷின்ஜி நிறுவனத் தலைவரானார். அவர் பொறியியல் பொறுப்புக்கு அழைத்துவந்த ஷிமா ஹிதேயோவின் தந்தையும் அகலப்பாதைக்காக வாதிட்ட பொறியாளரே. போருக்குப்பின் வேலையிழந்த வானூர்திப் பொறியாளர்கள் ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்திருந்தனர். போர் விமானங்களின் அதிர்வை ஆராய்ந்தவர்கள் இப்போது தொடர்வண்டிச் சக்கரங்களின் அதிர்வை ஆராய்ந்தனர். நாட்டுக்குள் திரண்டிருந்த இத்தகைய அறிவுமுதல் எந்தக் கடன் ஒப்பந்தத்திலும் பதிவாவதில்லை.

உலக வங்கியிடம் கடன் பெறுமாறு தூண்டியவர் அன்றைய நிதியமைச்சர் சாட்டோ எய்சாக்கு. பணத்தேவை மட்டும் அதற்குக் காரணமன்று. பன்னாட்டு வங்கிக்கு வாக்களித்துவிட்டால், பின்வரும் அமைச்சரவை எதுவும் திட்டத்தை இடையில் கைவிட முடியாது என்பதே உட்கருத்து. அவ்வங்கி சோதனை நிலையிலுள்ள தொழில்நுட்பங்களுக்குக் கடன் தருவதில்லை. ஆகவே முன்பே மெய்ப்பிக்கப்பட்ட நுட்பங்களின் தொகுப்பே இப்பாதை என ஜப்பான் விளக்க வேண்டியிருந்தது. இரவில் சரக்கு வண்டிகளும் ஓடும் எனத் திட்டம் கூறிற்று. அவை ஒருநாளும் ஓடவில்லை.

கடன் 5.75 விழுக்காடு வட்டியில் 20 ஆண்டுகளுக்கானது. அன்றைய மாற்றுவிகிதமான டாலருக்கு 360 யென் என்னும் கணக்கில் அது 2,880 கோடி யென். சோகோ முன்வைத்த மதிப்பீடு 20,000 கோடி யென்னுக்குச் சற்றுக் குறைவு. முடிந்தபோது செலவு ஏறத்தாழ 38,000 கோடி யென். ஒப்புதல் கிடைப்பதற்காகவே அவர் மதிப்பீட்டைக் குறைத்துக் காட்டினார் என்பது பலரும் ஏற்கும் கருத்து. செலவுப் பெருக்கம் வெளியானபின் 1963இல் அவரும் ஷிமாவும் பதவி விலகினர். 1964 அக்டோபர் 1இல் முதல் வண்டி புறப்பட்ட மேடையில் இருவரும் இல்லை. இங்குக் கருதத்தக்கது மற்றொரு விகிதமாகும். வெளிநாட்டுக் கடன் முதல் மதிப்பீட்டில் ஏழில் ஒரு பங்கு. இறுதிச் செலவில் பதின்மூன்றில் ஒரு பங்கு. எஞ்சிய தொகை உள்நாட்டிலேயே திரட்டப்பட்டது. செலவு இருமடங்கானபோது சுமை கூடியதும் உள்நாட்டு நாணயத்தில்தான்.

ஒரு தடத்திலிருந்து வலைப்பின்னலுக்கு

1967 ஜூலைக்குள் 10 கோடிப் பயணிகள் அப்பாதையில் சென்றிருந்தனர். நெருங்கிய நகர்கள், தொழில்மண்டலங்கள், ஏற்கெனவே நிரம்பி வழிந்த தடம் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த இடத்தில் அது விளைந்த வெற்றி. ஆயின் 1970இல் நாடு தழுவிய ஷின்கான்சென் அமைப்புச் சட்டம் நிறைவேறியபின் வினாவே மாறியது. எத்தடம் நிரம்பியுள்ளது என்பது போய், எம்மாவட்டத்திற்கு இன்னும் வரவில்லை என்பது முன்னின்றது. டனாக்கா காக்குயெய் பிரதமராக இருந்த காலத்தின் வளர்ச்சிப் பேச்சு அதற்கு உரமாயிற்று. அவருடைய சொந்த மாவட்டமான நீகாட்டாவுக்குச் செல்லும் ஜோயெட்சு பாதை 1982இல் திறக்கப்பட்டது.

ஷின்கான்சென் திறந்த அதே 1964ஆம் நிதியாண்டில்தான் நிறுவனம் நட்டத்தில் விழுந்தது, பின் மீளவேயில்லை. 1987 ஏப்ரலில் பிரிக்கப்பட்டுத் தனியார்மயமாகத் தொடங்கியபோது அதன் நெடுங்காலக் கடன் சுமார் 37 இலட்சம் கோடி யென். இதற்கு டோக்கைடோவைப் பழிசொல்லலாகாது. அது ஈட்டிக்கொண்டிருந்த பாதை. வருவாயற்ற கிளைத்தடங்கள், ஊதிய – ஓய்வூதியச் சுமை, கட்டண உயர்வில் அரசியல் தலையீடு ஆகியவற்றோடு, பிற்காலப் புதுப்பாதைகளும் அச்சுமையில் பங்குகொண்டன.

இந்தோனேசியாவின் ஜகார்த்தா – பண்டுங் பாதை 142 கி.மீ. நீளமே உடையது. அரசுப் பணம் தேவைப்படாது என்ற உறுதியோடு அது தொடங்கியது. செலவு மிகுந்தபின் 2021இல் அரசு நிதியைப் பயன்படுத்த ஆணை பிறப்பிக்க நேர்ந்தது.

இந்தியச் சூழல்

உலக வங்கி ஆசியாவில் வழங்கிய முதற்கடன் 1949இல் இந்திய இருப்புப்பாதைக்கு வழங்கிய 3.4 கோடி டாலரே. விரைவா, மலிவா என்னும் வழக்கு இந்நாட்டில் அதனினும் பழையது. கொள்ளிடத்தில் அணை கட்டிய ஆர்தர் காட்டன், இந்தியாவுக்கு வேண்டுவது விரைவன்று, மலிவான சுமைப் போக்குவரத்தே என வாதிட்டுக் கால்வாய்களை முன்மொழிந்தார். 5 விழுக்காடு வட்டி உறுதியோடு நின்ற இருப்புப்பாதைக் குழுமங்களே வென்றன. அவ்வுறுதியின் சுமையை வரி செலுத்தியோர் ஏற்றனர். கால்வாய்த் தீர்வும் பிழையற்றதன்று. கர்நூல் – கடப்பா கால்வாயை வெட்டிய குழுமம் நட்டமடைய, அதை அரசே ஏற்க நேர்ந்தது. ஆயினும் காட்டன் எழுப்பிய வினா இன்றும் செல்லும்.

2017 செப்டம்பர் 14இல் அடிக்கல் நாட்டப்பட்ட மும்பை – அகமதாபாத் பாதை 508 கி.மீ. நீளமுடையது. முதல் மதிப்பீடு ரூ. 1,08,000 கோடி. இதில் 81 விழுக்காட்டை 0.1 விழுக்காடு வட்டியில், 50 ஆண்டுத் தவணையில் ஜப்பான் கடனாகத் தர இசைந்தது. வட்டி ஏறத்தாழ இல்லை என்பது மெய்யே. ஆனால் கடனின் விலை வட்டி மட்டுமன்று. 50 ஆண்டுக்குப்பின் ரூபாயும் யென்னும் எந்நிலையில் நிற்கும் என்பதை எந்த ஒப்பந்தமும் உறுதிசெய்ய முடியாது. ஏழில் ஒரு பங்கை மட்டும் வெளியில் பெற்ற நாட்டை, ஐந்தில் நான்கு பங்கை ஒரே நாட்டிடம் பெறும் நாட்டிற்கு முன்மாதிரியாகக் காட்டுவது பொருந்துமா என்பது ஐயத்திற்குரியது.

இப்பணத்தைப் பாதுகாப்புக்குச் செலவிடலாம் என்பது மற்றொரு எதிர்ப்புரை. அனில் ககோத்கர் குழு 2012இல் பாதுகாப்புப் பணிகளுக்கு ஐந்தாண்டுகளில் பரிந்துரைத்ததும் ஏறத்தாழ ஒரு இலட்சம் கோடி ரூபாயே. எண்களின் ஒப்புமை கவர்ச்சியானது. எனினும் இந்த எதிர்ப்புரையை முழுதும் ஏற்க இயலவில்லை. இது திட்டத்தோடு பிணைந்த கடன். திட்டத்தைக் கைவிட்டால் அப்பணம் தண்டவாளப் புதுப்பிப்புக்கு வந்துவிடாது. பாதுகாப்புக்கெனத் தனிநிதியும் 2017–18இல் உருவாக்கப்பட்டது. வலுவான எதிர்ப்பு வேறிடத்தில் உள்ளது. பயணம் சுமார் இரண்டு மணியாகக் குறையும் என்பதே இத்திட்டத்திற்காக மிகுதியும் கூறப்படும் காரணம். 1956இன் ஜப்பானியக் குழுவின் வினா இங்கு முதலிடம் பெறவில்லை.

அவ்வினாவை எழுப்பிய திட்டம் இந்தியாவிலும் உண்டு. தில்லி, மும்பை, சென்னை, கொல்கத்தா ஆகியவற்றை இணைக்கும் தலைமைத் தடங்கள் பாதை நீளத்தில் சுமார் 16 விழுக்காடே; சரக்கில் பாதிக்கு மேல் அவற்றிலேயே செல்கிறது. டோக்கைடோவின் 3 பங்கையும் காற்பங்கையும் நினைவூட்டும் விகிதம் இது. இதற்கு விடையாகவே சரக்குக்கெனத் தனித்தடங்கள் அமைக்கப்பட்டன. மேற்குச் சரக்குத்தடம் தாத்ரியிலிருந்து குஜராத் வழியாக மும்பைத் துறைமுகப் பகுதியை நோக்கி, ஏறத்தாழ 1,500 கி.மீ. செல்கிறது. அதற்கும் ஜப்பானே கடன் தந்தது. புல்லட் ரயில் செல்லவிருக்கும் அதே நிலப்பகுதியில், சரக்கைப் பிரித்தெடுத்துப் பழைய பாதையைப் பயணிகளுக்கு விடுவிப்பது அதன் நோக்கம். டோக்கைடோவின் மெய்யான வழித்தோன்றலை இந்தியாவில் தேடுவோர் காணவேண்டியது இச்சரக்குத்தடத்தையே என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

அதிவேகப் பாதைக்கென ஆய்வுக்கு எடுக்கப்பட்ட தடங்களுள் சென்னை – பெங்களூரு – மைசூரு தடமும் ஒன்று. 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் வண்டி ஓடிய வழியை ஒட்டியது அது. அதற்கான அறிக்கைகளை ஆராய்வோர் பயண நேரத்தைக் காட்டும் அட்டவணைக்கு முன்பாக, அரக்கோணத்துக்கும் ஜோலார்பேட்டைக்கும் இடையே இன்று நாளொன்றுக்கு எத்தனை வண்டிகள் ஓடுகின்றன, எத்தனை வண்டிகளுக்கு இடமில்லை என மறுக்கப்படுகிறது என்பதைக் காட்டும் அட்டவணையைத் தேடவேண்டும்.