.470 பிழைத்தது, அதன் தம்பிகள் ஏன் தேறவில்லை?

தேர்தல் தேதி அறிவித்ததும் சேலம், நாமக்கல் பக்கம் ஒரு சின்ன ஊர்வலம் நடக்கும். லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் துப்பாக்கியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைப்பார்கள். வருவதில் பெரும்பாலானவை பன்னிரண்டு போர் சிங்கிள் பேரல், டபுள் பேரல். கொல்லிமலை, கல்வராயன் மலைப் பக்கமென்றால் வாய்வழி மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி. அபூர்வமாக ஒரு ரைஃபிள் வந்தால், அது அநேகமாக .315 ஆகத்தான் இருக்கும்.

(திருச்செங்கோட்டுக்காரர்கள் கவனிக்க: இங்கே ‘போர்’ என்றால் ஆழ்துளைக் கிணறு இல்லை. ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக உருட்டினால் ஒரு உருண்டையின் விட்டம் எவ்வளவோ, அதுதான் பன்னிரண்டு போர்.)

அந்த .315 தோட்டா 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆஸ்திரிய-ஹங்கேரியப் படைக்காகச் செய்தது. உலகத்தில் வேறெங்கும் பெரிதாக விலை போகாத ஒரு பழைய தோட்டா இந்தியாவில் மட்டும் எப்படி நிலைத்தது? இதைத் தேடப்போய், ஒரு புதுத் தோட்டா சந்தையில் ஏன் ஜெயிக்கிறது, இன்னொன்று ஏன் ஒரே தலைமுறையில் காணாமல் போகிறது என்ற கேள்விக்குள் இறங்கிவிட்டேன்.

தோட்டா என்பது பித்தளைக் கூடு, அடியில் பிரைமர், உள்ளே மருந்து, முனையில் குண்டு. அவ்வளவுதான். ஆனால் அது தனியாக ஒரு பொருளே இல்லை. அதற்கென்றே குடைந்த குழல் வேண்டும், அதைத் தொடர்ந்து செய்து தரும் ஆலை வேண்டும், விற்கக் கடை வேண்டும், வாங்க அனுமதியும் வேண்டும். நம்ம ஊர் ரிக்காரர்களுக்கு இது சுலபமாகப் புரியும். நாலரை இஞ்ச், ஆறரை இஞ்ச் போர் போட்டால் அதற்கேற்ற கேசிங் பைப்பும் மோட்டாரும் எந்தக் கடையிலும் கிடைக்கும். ஐந்தே கால் இஞ்சில் ஒருத்தர் அற்புதமான கிணறு தோண்டித் தரலாம். அதில் எந்த மோட்டாரை இறக்குவது?

தோட்டாவின் தலைவிதியை அதன் வேகமோ பலமோ தீர்மானிப்பதில்லை என்பதற்கு ஒரு நல்ல சோதனை வரலாற்றில் தானாகவே நடந்திருக்கிறது. நடத்தியது இந்தியாவின் பிரிட்டிஷ் அரசு. அவர்கள் நினைத்துச் செய்யவில்லை என்பது வேறு விஷயம்.

1898இல் லண்டனின் ஜான் ரிக்பி கம்பெனி .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ் என்ற தோட்டாவைக் கொண்டுவந்தது. புகையில்லா மருந்து, 480 கிரெய்ன் குண்டு, அதாவது சுமார் 31 கிராம். நொடிக்கு 2,150 அடி வேகம். அதற்கு முன் யானை, காட்டெருமைக்குப் போனவர்கள் கருமருந்து நிரப்பிய ராட்சதக் குழல்களைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். ஒரே அடியில் அதெல்லாம் பழசாகிப் போனது. பத்து வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக இதுதான் ராஜா.

ஆனால் .450 என்ற அளவில் ஒரு வில்லங்கம் இருந்தது. பிரிட்டிஷ் படையின் பழைய மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கியின் குழலும் அதே அளவு. அந்தத் துப்பாக்கிகள் ஏராளமாக வெளியே கைமாறிக் கிடந்தன. வேட்டைத் தோட்டாவின் குண்டைப் பிடுங்கிக் கலகக்காரர்கள் அதில் பயன்படுத்திவிடுவார்கள் என்ற பயத்தில், 1907ஐ ஒட்டி .450 துப்பாக்கிகளும் தோட்டாக்களும் இந்தியாவுக்கும் சூடானுக்கும் வருவதைத் தடுத்தார்கள்.

லண்டன், பர்மிங்ஹாம் துப்பாக்கிக் கம்பெனிகளுக்கு இது பேரிடி. பெரிய வாடிக்கையாளரே இந்தியாதான்: மகாராஜாக்கள், கலெக்டர்கள், தோட்டத் துரைகள், பட்டாளத்து அதிகாரிகள். உடனே ஆளாளுக்கு .450 இல்லாத ஒரு .450ஐச் செய்யக் கிளம்பினார்கள். ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் .465 செய்தது. வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் .476. ஜோசப் லாங் .470. இவை போக .475, .475 நம்பர் 2 என்று ஒரு வரிசை. பலத்தைப் பார்த்தால் சிரிப்பு வரும். இவற்றில் முக்கியமான எல்லாமே குழல் முனையில் சுமார் 5,000 அடி-பவுண்டு சக்தி. அடி வாங்கிய காட்டெருமைக்கு வித்தியாசம் தெரியாது, அடித்தவர் தோளுக்கும் தெரியாது.

ஆக ஒரே வேலை, ஒரே காலம், ஒரே சந்தை, கிட்டத்தட்ட ஒரே பலம். ஜெயித்தது .470.

காரணம் குழலுக்குள் இல்லை, கடைத்தெருவில் இருந்தது. ஹாலண்ட் .465ஐத் தன் கம்பெனிச் சொத்தாக வைத்துக்கொண்டது. .476 வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸின் சொத்து. லாங்கின் .470 மட்டும் யார் வேண்டுமானாலும் குடைந்துகொள்ளலாம் என்று தொழிலுக்கே திறந்துவிடப்பட்டது. தனக்கென்று ஒரு தோட்டா உருவாக்க வசதியில்லாத சின்னப் பட்டறைகள் எல்லாம் அதை எடுத்துக்கொண்டன. துப்பாக்கிகள் பெருகப் பெருகத் தோட்டாவை நிறையச் செய்தார்கள். தோட்டா தட்டுப்பாடில்லாமல் கிடைத்ததால் அடுத்த துப்பாக்கி வாங்குபவரும் .470ஐயே கேட்டார். என் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்தக் கதை நன்றாகத் தெரியும். பூட்டி வைத்த ஃபார்மட் தரமாகவே இருக்கும், ஆனால் திறந்து விட்டது ஊரெல்லாம் பரவும்.

.475 நம்பர் 2இன் கதை வேறு மாதிரி. அதையும் பலர் பயன்படுத்தினார்கள். ஆனால் ஜெஃப்ரி கம்பெனி அதே கூட்டில் கொஞ்சம் தடிமனான குண்டை வைத்து இன்னொரு வகையை விற்றது. ஒன்றுக்குக் குண்டின் விட்டம் .483 அங்குலம், மற்றதற்கு .488. பார்வைக்கு ஒரே தோட்டா. தடித்த குண்டை ஒல்லிக் குழலில் போட்டால் அழுத்தம் எகிறும். லண்டனிலிருந்து ஆறாயிரம் மைல் தள்ளி, காட்டு பங்களாவில் உட்கார்ந்துகொண்டு பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று கண்ணைச் சுருக்கிப் படிக்கும் நிலைமையை யாரும் விரும்பமாட்டார்கள்.

பேரரசு கலைந்தபின் இந்தப் பெரிய தோட்டாக்களுக்கு ஆள் இல்லாமல் போனது. பிரிட்டனில் கைனாக் உற்பத்தியை நிறுத்தியது. 1980களின் இறுதியில் அமெரிக்காவின் ஃபெடரல் கம்பெனி ஒரு பெரிய இரட்டைக்குழல் தோட்டாவை மறுபடி செய்ய முன்வந்தபோது எதை எடுத்தது? .470ஐத்தான். ஏற்கெனவே உலகத்தில் அந்தத் துப்பாக்கிகள்தானே அதிகம். இன்று ஜெர்மனியின் கிரீகாஃப், ஹைம் கம்பெனிகள் அதற்குப் புதுத் துப்பாக்கியே செய்கின்றன. .450 மீதான தடையெல்லாம் பழங்கதை ஆகிவிட்டது, ஆனால் இழந்த இடம் அதற்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

நம்ம சேலத்துக்கும் இந்தக் கதையில் ஒரு பங்கு உண்டு. பழைய சேலம் மாவட்டம் பெரியது. 1965இல் தருமபுரி பிரிவதற்கு முன் ஒசூர், ஜவளகிரிக் காடெல்லாம் அதற்குள்தான். பெங்களூரின் கென்னத் ஆண்டர்சன் ஜவளகிரி ஆட்கொல்லிப் புலியைத் தேடி அலைந்தது அங்கேதான். அவர் கையில் இருந்தது .405 வின்செஸ்டர், 1895 மாடல் லீவர் துப்பாக்கி. 1904இல் வந்த தோட்டா. அமெரிக்க அதிபராக இருந்த தியடோர் ரூஸ்வெல்ட் 1909இல் ஆப்பிரிக்காவுக்குச் சிங்க வேட்டைக்கு எடுத்துப் போனது. இதைவிடப் பெரிய விளம்பரம் கிடைக்குமா? கிடைத்தும் நிலைக்கவில்லை. கிட்டத்தட்ட அந்த ஒரு மாடலை மட்டுமே நம்பி வாழ்ந்த தோட்டா அது. 1930களில் அந்த மாடலை நிறுத்தியதும் தோட்டாவும் கூடவே மெல்லப் படுத்துவிட்டது.

சட்டத் தொந்தரவே இல்லாத இடத்திலும் இதே நடந்திருக்கிறது. 1955இல் அமெரிக்காவில் இரண்டு 6 மி.மீ. தோட்டாக்கள் ஒரே வருஷத்தில் வந்தன: வின்செஸ்டரின் .243, ரெமிங்டனின் .244. கூட்டில் கொஞ்சம் அதிக மருந்து பிடிப்பது .244தான். ஆனால் ரெமிங்டன் தன் குழலின் உட்புரியை 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று வெட்டியது, வின்செஸ்டர் 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று. புரி மெதுவாகச் சுற்றினால் நீளமான, கனமான குண்டு நிதானமாகப் பறக்காது. ஆகவே .244இல் சுமார் 90 கிரெய்ன் வரைதான். .243இல் 100 கிரெய்ன் போட்டு மானும் அடிக்கலாம். ஒரே துப்பாக்கியில் இரண்டு வேலையும் பார்க்க நினைத்தவர்கள் .243 பக்கம் போய்விட்டார்கள். ரெமிங்டன் புரியை மாற்றி, 1963இல் ‘6 மி.மீ. ரெமிங்டன்’ என்று பெயரையும் மாற்றியது. எட்டு வருஷம் கழித்து வந்த ஞானம். கூட்டம் கலைந்துவிட்டது.

இப்போது .315. படையின் .303ஐப் பொதுமக்கள் கையில் கொடுக்கக்கூடாது என்பது அரசின் கொள்கை. ஆனால் அந்தத் துப்பாக்கியின் லீ இயந்திர அமைப்போ எளிது, உறுதி, எல்லோருக்கும் பழகியது. அதே அமைப்பில் ஓடக்கூடிய, ஆனால் படை பயன்படுத்தாத ஒரு விளிம்புள்ள தோட்டா தேவைப்பட்டது. ஆஸ்திரியாவின் 8 மி.மீ. மான்லிகர் அதற்குத் தோதாக அமைந்தது. பர்மிங்ஹாமின் பி.எஸ்.ஏ. கம்பெனி இப்படிச் செய்து இந்தியாவுக்கு விற்றது. பிறகு வங்காளத்தின் இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலை எடுத்துக்கொண்டது. தோட்டாவும் அரசு ஆலையிலிருந்தே வந்தது. 1959 ஆயுதச் சட்டத்துக்குப் பிறகும் படைத் தோட்டாக்கள் தடை செய்யப்பட்டவை, .315 தடையற்றது. வெளிநாட்டு இறக்குமதியும் சாதாரண ஆளுக்கு அடைபட்டபின் போட்டியே இல்லை.

இந்த விதியின் கோணல் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. இஷாப்பூர் .30-06இலும் ஒரு ரைஃபிள் செய்கிறது, அது தடையற்ற வகை. நம் படை பயன்படுத்திய 7.62 நேட்டோ தோட்டாவைவிட அது கூடுதல் பலம் கொண்டது. 1906இலிருந்து பல பத்தாண்டுகள் அமெரிக்கப் படையின் தோட்டாவாக இருந்ததும் அதுவே. ஆனால் நம் படையின் தோட்டா இல்லையே, அதனால் பரவாயில்லை.

1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து வேட்டையே முடிந்தது. .315 அப்போதும் முடியவில்லை. தற்காப்புக்கு ரைஃபிள் லைசென்ஸ் வாங்குபவர்களுக்கு நடைமுறையில் கிடைப்பது அதுதான். உத்தரப் பிரதேசம், பீகார் போலீஸ் பறிமுதல் செய்தி எதையாவது எடுத்துப் பாருங்கள், ‘.315 போர் கட்டா’ என்று அடிக்கடி வரும். கட்டா என்பது கள்ளத்தனமாகப் பட்டறையில் செய்யும் கைத்துப்பாக்கி. ரைஃபிள் தோட்டாவை அவ்வளவு குட்டைக் குழலில் சுடுவது, சுடுபவருக்கே ஆபத்தான காரியம். இருந்தும் பட்டறைக்காரர் .315க்குத்தான் குழல் குடைகிறார், கைக்குக் கிடைக்கிற தோட்டா அது என்பதால்.