ஏரியைக் கடந்து போகும் அடுப்பு



நம் பள்ளிச் சத்துணவுக் கூடத்துக்குப் பெரிய கேஸ் அடுப்பும் கிரைண்டரும் வாங்கித் தரப்போவதாகப் பழைய மாணவர்கள் சிலர் போனில் சொன்னார்கள். மனம் நிறைந்தது. வாங்கப் பணம் போதும். பத்திரமாகக் கொண்டுபோய் உட்காரவைக்க நிதானம் வேண்டும். அதற்குப் பின்னால் ஒரு வரலாறே இருக்கிறது. வாத்தியார் அல்லவா, சொல்லாமல் விடமாட்டேன்!

1920-இல் சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு தொடங்கியது. அப்போது மாநகராட்சித் தலைவர் பிட்டி தியாகராயர். 1956-இல் காமராசர் அதை மாநிலமெங்கும் கொண்டுசென்றார். 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியதும் ஊருக்கு ஊர் அண்டாவும் அடுப்பும் தேவைப்பட்டன. நம் பக்கத்தில் தண்ணீரைத் தாண்டியிருந்த குப்பங்களுக்கு அவை படகில்தான் போயின.

பாரம் கடத்துவது பழவேற்காட்டுக்குப் புதிதல்ல. 1613-இல் டச்சுக்காரர்கள் கெல்டிரியா கோட்டை கட்டிய காலத்திலும் பெரிய கப்பல் முகத்துவாரத்துக்குள் வராது; ஆழம் போதாது. அது கடலில் நங்கூரம் போட்டு நிற்க, சரக்கைச் சிறு படகுகள் கரை சேர்த்தன. நம் மீனவர்களுக்குத் தெரிந்த பாடம் ஒன்றுதான்: கனமானது படகின் நடுவில், அடித்தட்டில், கயிறு போட்டுக் கட்டியபடி இருக்க வேண்டும். பாரத்தோடு ஆட்களும் கூட்டமாக ஏறக் கூடாது. 2011 டிசம்பர் 25 அன்று இங்கே சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்ததை யாரால் மறக்க முடியும்? அந்த ஒரே படகில் இருபதுக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள்.

கிரைண்டரை ஏற்றும் முன் கல்லைத் தனியே எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் பாதி வழியில் சாயும், தூக்குபவர் கால்மேல் விழும்.

கரை சேர்ந்ததும் வேலை முடிந்துவிடாது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையல் கூடத்தில் பிடித்த தீ, கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொண்டுபோனது. மாடியில் இருந்த சின்னஞ்சிறு பிள்ளைகள் இறங்கக் குறுகிய படிக்கட்டுதான். அதன் பிறகே பள்ளிகளில் ஓலைக் கூரைகள் அகற்றப்பட்டன. அன்று அடுப்பு செய்த குற்றம் எதுவுமில்லை; அது இருந்த இடம்தான் எமனாயிற்று.

ஆகவே இடத்தை முதலில் பாருங்கள். வகுப்பறையை ஒட்டி வேண்டாம். தரை மட்டமாக இருக்கட்டும். கொதிக்கும் அண்டா ஓரடி ஆடினாலும் ஆபத்து. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் மேலே போகாமல் தரையில் தேங்கும். அதனால் கீழ்மட்டத்திலும் காற்றுப் போக வழி வேண்டும். சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்து, அடுப்பைவிடத் தாழ்வாக நிற்க வேண்டும். வணிகச் சிலிண்டரில் கேஸ் மட்டுமே 19 கிலோ. இரும்பின் எடை தனி. அதை ஒருவர் தனியாகத் தூக்கவோ, உருட்டிப் போடவோ கூடாது. நம் உப்புக் காற்றில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பதால் ரெகுலேட்டரையும் ரப்பர் குழாயையும் அடிக்கடி பாருங்கள். தரை ஈரமாகவே இருக்கும் ஊர் இது. கிரைண்டருக்கு எர்த் இணைப்பு இல்லாமல் சுவிட்சைத் தொடாதீர்கள்.

2024 ஜூலை 15 அன்று நம் திருவள்ளூர் மாவட்டக் கீழச்சேரியில், அரசு உதவி பெறும் ஊரகப் பள்ளிகளுக்கும் காலை உணவுத் திட்டம் விரிவானது. இனி விடியற்காலையிலேயே அடுப்பு எரியும். அதை எரிய வைப்பவர் பெரும்பாலும் நம் ஊர்ப் பெண் ஒருவர்தான். அடுப்பின் உயரம், குழாயின் இடம், சிலிண்டர் எங்கே என்பதை எல்லாம் முடிவு செய்யும் முன் அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். தினமும் அங்கே நிற்கப்போவது அவர்தான்.

என்றைக்குப் படகு ஏற்றப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள். நானும் துறைக்கு வருகிறேன். நலமே விளைக.